நாசேரியின் தொடையில் கட்டிய நீர்

பச்சை குத்தும்போது ஃபிலெமோனி போட்ட கூச்சலில் தேவாலயத்துப் பாட்டுக் குழுவுக்குச் சுருதியே மாறிவிட்டது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். குத்தும்போது அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாதிரி சமாளித்துவிடுவான். கத்தியதெல்லாம் அதற்குப் பிறகுதான். மனைவி சுலியெத்தி அவனைக் கடலில் இறக்கி, இடுப்பிலிருந்து முழங்கால்வரை புதிதாகக் குத்திய இடத்தை அமுக்கி, உள்ளே ஊறும் நீரையும் இரத்தத்தையும் வெளியே தள்ளுவாள். ஈரத்துணியைப் பிழிகிற கை அது. இரக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது.

"நல்லா கத்துங்க. உள்ள இருக்கிறது வெளிய வந்தாத்தான் புண்ணு ஆறும்," என்பாள்.

சுலியெத்தியின் அண்ணன் நாசேரி கத்தவே இல்லை. சவாயித் தீவில் யாரும் ஒற்றையாகப் பச்சை குத்திக்கொள்வதில்லை. வலிக்குத் துணை வேண்டும் என்று இரண்டிரண்டு பேராகத்தான் படுப்பார்கள். இந்த இரண்டு மச்சான்களும் ஒரே பாயில் கிடந்து பச்சை குத்தும் ஆசானின் ஊசிப்பல் எலும்புச் சீப்புக்கு மாறி மாறித் தொடையைக் கொடுத்தார்கள். நாசேரிக்குக் குடும்பத் தலைவர் பட்டம் வரவிருந்தது. அதற்குள் பச்சை முடிந்தாக வேண்டும். நடுவில் விட்டவனை ஊர் 'பாதி' என்றுதான் கூப்பிடும். செத்த பிறகும் அந்தப் பெயர் போகாது, பிள்ளைகளையும் விடாது. பாதி ஆளுக்கு ஊர்ச்சபையில் யார் மரியாதைக் கோப்பை நீட்டுவார்கள்?

நாசேரிக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பிமார் நியூசிலாந்தில் பழம் பறிக்கப் போயிருந்தார்கள். தங்கை அண்ணனின் தொடையைப் பார்ப்பதே தப்பு, தொடுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. "நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கடலுக்குப் போவான், கழுத்தளவு முங்குவான், திரும்பி வந்து படுத்துக்கொள்வான். அமுக்குவதும் இல்லை, பிழிவதும் இல்லை. முகத்தில் ஒரு சுருக்கம் வராது. ஆம்பளை என்றால் இப்படி இருக்கணும் என்று கிழவர்கள் மெச்சினார்கள். அதைக் கேட்டு ஃபிலெமோனிக்கு வயிறு எரிந்தது.

ஒரு காலை ஆசான் நாசேரியின் இடது தொடையில் கை வைத்தவர் சட்டென்று எடுத்துவிட்டார். மேலே பொருக்கு பளபளவென்று இருந்தது. அடியில் மெத்தென்று அமுங்கியது. தொட்டால் சுட்டது.

"தண்ணி கட்டிக்கிட்டு இருக்குப்பா. இதுக்கு மேல குத்தினா காலுக்கே ஆபத்து. வடிஞ்சா தொடர்வேன். வடியலேன்னா இத்தோட மூட்டை கட்ட வேண்டியதுதான்," என்றார்.

நாசேரி கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். அவன் கண்ணில் பயத்தை ஃபிலெமோனி முதல் முறையாகப் பார்த்தான். பார்த்ததும் அதுவரை இருந்த எரிச்சல் எங்கேயோ போய்விட்டது.

மாவட்ட ஆஸ்பத்திரி நர்ஸ் வந்தாள். பொருக்கை ஊறவைத்து, வீக்கத்தின் அடிப்பக்கம் சின்னதாகக் கீறி, துணித்திரி ஒன்றைச் செருகினாள். மாத்திரையும் கொடுத்தாள்.

"கீறின வாய் மூடக் கூடாது. காலையும் சாயங்காலமும் சுத்தமான கையால மேலருந்து கீழ மெதுவா தள்ளி வடிக்கணும். கொதிச்சு ஆறின தண்ணிதான், கடல்ல இறங்கிறாதீங்க. காய்ச்சல் ஏறிச்சுன்னா வண்டியில போட்டு எங்கிட்ட கூட்டிட்டு வந்துருங்க. யாரு வடிக்கப் போறீங்க?"

"நானே," என்றான் நாசேரி.

"கிழிச்சே," என்றான் ஃபிலெமோனி. "புண்ணு தொடைக்குப் பின்னாடி இருக்கு. கழுத்தைக் கழட்டி வச்சாப் பாப்பே?"

மீன் குடலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆள் ஃபிலெமோனி. அவன்தான் அன்று முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தான். கடல் பக்கத்து ஓலைத் தட்டிகளை இறக்கிவிட்டார்கள். தட்டிக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு சுலியெத்தி உட்கார்ந்தாள். வெந்நீரும் கொதிக்கவைத்த துணியும் தட்டிக்கு அடியில் உள்ளே போயின. உத்தரவுகள் தட்டிக்கு மேலே போயின.

"ஆரம்பிச்சாச்சா?"

"ஆச்சு."

"சத்தமே காணோம். அமுக்குறீங்களா, தடவிக் குடுக்குறீங்களா?"

"அமுக்குறேன்டி. ஒரு சொட்டு வரல. உங்கண்ணன் கருங்கல்லு மாதிரி கெடக்காரு."

"மூச்சு விடுறாரா?"

ஃபிலெமோனி குனிந்து பார்த்தான். "அடக்கி வச்சிருக்காரு."

"அதான். கத்தாம இருக்கிறதுக்கு உடம்பையே பூட்டி வச்சிருக்காரு. தொடை இறுகிக் கெடந்தா எப்படி வரும்? விடச் சொல்லுங்க."

அவள் சொன்னது சரிதான். கத்தும்போதுதான் தன் கால் தளரும் என்பது ஃபிலெமோனிக்குத் தெரியும். அதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

"மச்சான், கத்து."

"மாட்டேன்."

"ஊர் கேட்டுரும்னா? பாதின்னு கேக்கறதுக்கு இது தேவலாம்."

"கைய எடு."

ஃபிலெமோனி கையை எடுக்கவில்லை. அண்ணாந்து, அடிவயிற்றிலிருந்து தானே ஒரு கத்துக் கத்தினான். வெளியே வெந்நீர்ப் பாத்திரம் உருண்டது.

"ஏங்க, உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. தொணைக்குக் கத்துறேன்."

நாசேரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உடம்பு குலுங்கியது. தொடை ஒரு கணம் தளர்ந்தது. அந்தக் கணத்தில் ஃபிலெமோனி இரண்டு உள்ளங்கையையும் பதித்து, மேலிருந்து கீழே தள்ளினான். சிரிப்பு அப்படியே அலறலாக மாறியது. ஊர்க் கோழிகள் கலைந்து ஓடின. மஞ்சளும் சிவப்புமாக நீர் திரியைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஒரு துணி நனைந்தது, இன்னொரு துணியும் நனைந்தது.

"வருதுடி! கொடகொடன்னு வருது!"

சுலியெத்தி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அண்ணன் அடுத்த முறை அலறியபோது அழுதுகொண்டே சிரித்தாள்.

அதன் பிறகு நாசேரி வெட்கத்தை விட்டுவிட்டான். காலையும் மாலையும் அவன் குரல் கேட்டது. கலங்கி வந்த நீர் தெளிந்தது, தெளிந்தது குறைந்தது. கடைசியில் துணியில் ஈரம் மட்டும் ஒட்டியது. சூடு தணிந்து வீக்கம் வற்றியது. கீறல் அடியிலிருந்து நிரம்பி, மேலே புதுத்தோல் ஏறிக்கொண்டது. ஆசான் அவசரப்படவில்லை. தோல் கெட்டிப்பட்ட பிறகு ஒரு நாள் விரலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சீப்பைக் கையில் எடுத்தார்.

கடைசிக் கோடு தொப்புளில் விழுந்த அன்று ஊர் முழுவதும் திரண்டது. பச்சை முடிந்ததற்கு அடையாளமாக இரண்டு மச்சான்களின் தலையிலும் முட்டையை உடைத்து ஊற்றி, மஞ்சள் கலந்த தேங்காய் எண்ணெயைப் பூசினார்கள். துணியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இருவரும் புல்வெளியில் இறங்கினார்கள். இடுப்பிலிருந்து முழங்கால்வரை கோடுகள் ஒரு இடத்திலும் அறுபடவில்லை. இந்த ஒரு நாள் தங்கைகளுக்கும் தடையில்லை. சுலியெத்தி கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு முன்னால் வந்தாள். அண்ணனை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தாள். பிறகு கையை விரித்து, பெஞ்சில் இருந்த பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, "முழுசு! எங்கண்ணன் முழுசு!" என்று கூவிக்கொண்டே ஆட ஆரம்பித்தாள்.

கிழவிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், பிறகு ஊரே பிடித்துக்கொண்டது. சபையில் நாசேரியை அவனுடைய புதுத் தலைவர் பட்டத்தைச் சொல்லிக் கூப்பிட்டுக் கோப்பையை நீட்டினார்கள். அவன் நேராக நடந்துபோய் அதை வாங்கிக் குடித்தான்.