ஸ்டெஃபான் போன பிறகு

ஒரெஸ்ட் சூப்புக் கிண்ணத்தோடு மேசைக்கு வந்து உட்கார்ந்தபோது, அவருடைய மகனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். தகப்பனைக் கண்டதும் பேச்சை மாற்றுவார்கள் என்று யாராவது எதிர்பார்த்தால் அவர்களுக்கு இந்த ஊரைத் தெரியாது என்று அர்த்தம். ஆறு மாதம் பனி பெய்கிற ஊரில் ஐஸ் ஹாக்கியைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? கர்லிங் கிளப் கேன்டீனில் இந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே வழக்குதான் நடந்துகொண்டிருந்தது. சொந்த ஊர்ப் பையன், பதினெட்டு வயதில் சொந்த ஊர் அணியே தேர்ந்தெடுத்த பையன், மூன்று வருடம் இங்கே தடுமாறினான். வேறு அணிக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டு, தெற்கே பனைமரம் நிற்கிற ஊருக்குப் போனான். போன இடத்தில் ஒன்றரை வருடத்துக்குள் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவனாகிவிட்டான். எப்படி?

"கோச்சுதான்யா காரணம்," என்றார் லூசியன். முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்தப் பேச்சிலும் ஸ்டியரிங் தன் கையில் இருக்க வேண்டும் அவருக்கு. "இங்க ஒரு பாஸ் தப்பாப் போச்சுன்னா அடுத்த மேட்ச்ல வெளிய உக்கார வெச்சானுங்க. அங்க என்னடான்னா, நீ ஆடுடா ராசா, நான் இருக்கேன்னு விட்டுட்டான். பய ஆடறான்."

"கோச்சு மேல பழியப் போட்டுட்டு நீ நல்லவனாயிடு," என்று கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து அதட்டினார் வெர்னா. பெரோகிக் கொழுக்கட்டைகளை வெண்ணெயில் புரட்டிப்போட்டுக்கொண்டே வழக்குக்குத் தீர்ப்பும் சொல்வார். "அவன் அந்த ரப்பர் வட்டைத் தொட்டாலே கிண்டலா கை தட்டினது யாரு? நீயும் நானும்தானே? தொண்டை கட்டற வரைக்கும் கத்திட்டு வந்து என் கடையில தேன் கேட்ட ஆளு நீ."

"அது ஆத்தாமை வெர்னா. நம்ம பையன்னு ஒரு உரிமை."

"நல்ல உரிமை. அவனுக்குப் பதிலா வந்தவன் முழங்கால ஒடிச்சிக்கிட்டு வீட்ல டிவி பாக்கறான். இப்ப அவனுக்குக் கை தட்டு."

லூசியன் ஒரெஸ்ட்டின் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லுய்யா. பெத்தவன் நீ. கோச்சா, இல்ல நாங்க கத்தினதா?"

"எனக்கென்னப்பா தெரியும்," என்றார் ஒரெஸ்ட். சூப் ஆறிப்போயிருந்தது. வாரம் முழுக்கப் பள்ளிப் பேருந்துகளின் அடியில் படுத்து உறைந்த குழாய்களைச் சூடுகாட்டிய தோள்பட்டை வலித்தது. அதைவிட இந்தக் கேள்வி அலுத்துவிட்டது. பதில் தெரியாத கேள்வியாக இருந்தால் இவ்வளவு அலுத்திருக்காது.

அவருக்குப் பதில் தெரியும். கோச் இல்லை, கூட்டமும் இல்லை. அவருடைய பிக்கப் வண்டிதான்.

ஸ்டெஃபானுக்கு ஏழு வயதில் தொடங்கியது அது. ஆட்டம் முடிந்து வீடு திரும்பும்வரை வண்டியில் பாடம். இடுப்பை ஏன் அப்படித் திருப்பினாய், அந்தப் பெரிய பையன் வருவதைப் பார்த்தாயா இல்லையா, கையில் இருப்பது ஸ்டிக்கா துடைப்பமா. இந்த ஊரில் பாதி அப்பன்மார் இதைத்தான் செய்கிறார்கள். அன்பு என்றுதான் அவரும் நினைத்தார். பையன் பெரிய அணிக்கு வந்து, விலை உயர்ந்த கார் வாங்கி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனி வீடு எடுத்த பிறகும், ஆட்டம் முடிந்தால் கோட்டு சூட்டோடு அப்பாவின் பிக்கப்பில்தான் ஏறினான். பழக்கம். பதினெட்டாயிரம் பேர் அவனைக் கிண்டல் செய்து முடித்த பிறகு, பதினெட்டாயிரத்து ஒன்றாவது ஆள் வண்டியில் காத்திருந்தார்.

கடைசியாக ஏறிய அன்று பாலத்தின் நடுவில் வரும்போது, "அந்த மூணாவது கோல்ல நீ எங்க நின்ன தெரியுமா?" என்று ஆரம்பித்தார். "வண்டிய நிறுத்துங்கப்பா," என்றான். கத்தவில்லை. இறங்கி, தொப்பிகூட இல்லாமல், அந்தக் குளிரில் பாலத்தைக் கடந்து நடந்தே போனான். அவர் வண்டியைப் பின்னாலேயே ஊர்ந்து ஓட்டினார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, மகன் ஊரை விட்டுப் போகக் கேட்ட செய்தியை ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன்பின் அம்மாவோடு மட்டும்தான் பேச்சு.

பாலத்தில் நடந்ததை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. மனைவி இப்போது மகளின் பிரசவத்துக்காக டொரான்டோவில் இருந்தாள். அவள் வர முடியாது என்பதால்தானோ என்னவோ, நேற்று மகனிடமிருந்து அவருடைய போனுக்கே செய்தி வந்தது. அவனுடைய புது அணி இன்று இங்கே வந்து ஆடும் ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட். கூடவே ஒரு வரி: 'மேட்ச் முடிஞ்சதும் பின் வாசலுக்கு வாங்க. பஸ் கிளம்ப பத்து நிமிஷம் இருக்கும்.' அதை அவர் நூறு தடவை படித்திருப்பார். இந்தப் பத்து நிமிடத்தையும் கெடுத்துக்கொண்டால் அடுத்தது எப்போதோ, உண்டோ இல்லையோ. சூப்பைத் தொடாமலே கிண்ணத்தைத் தள்ளிவைத்தார்.

ஆட்டம் இரண்டு மணிக்கு. இன்னொரு டிக்கெட்டில் லூசியன் வந்தார். முதல் இரண்டு பகுதியிலும் ஸ்டெஃபான் ஆடியதைப் பார்த்து லூசியனே அசந்துபோனார். ஐஸ் முழுதும் தன் வீட்டுக் கூடம் மாதிரி அவசரமில்லாமல் உலாவினான். மோதவந்தவர்கள் ஓரத் தடுப்புப் பலகையில் மோதினார்கள். அவன் பக் என்கிற அந்த ரப்பர் வட்டோடு வேறு எங்கோ இருந்தான். "என் கண்ணே பட்டுடும்போல," என்றார் லூசியன். ஒரெஸ்ட்டுக்குப் பெருமையாகவும் இருந்தது, யாரோ அன்னியர் வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போலவும் இருந்தது. நான் சொல்லிக்கொடுத்தது எதுவாவது இதில் இருக்கிறதா என்று தேடினார்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது ஸ்டெஃபான் தன் கோலுக்கு முன்னால் பக்கைக் குறுக்கே தள்ளினான். தள்ளுவதற்கு முன்பே ஒரெஸ்ட் எழுந்துவிட்டார். மகனுக்குப் பதினாலு வயதிலிருந்து உள்ள வியாதி அது. களைத்துப்போனால் தலை குனிந்துவிடும், எதிரே இருப்பவனைப் பார்க்க மாட்டான். ஊர் அணிக்காரன் இடையில் புகுந்து பறித்துக் கோல் அடித்தான். கூரை பெயர்ந்துவிடும்போல அரங்கம் அலறியது. அதற்குப்பின் ஸ்டெஃபான் பக்கைத் தொட்டபோதெல்லாம் அந்தப் பழைய கைதட்டல் திரும்ப வந்தது, ஒரு நாளும் நிற்காததுபோல.

"பாத்தியா," என்றார் லூசியன் கோட்டை மாட்டிக்கொண்டே, கொஞ்சமும் வெட்கமில்லாமல். "இதுக்குத்தான்யா அனுப்பினாங்க. நல்லவேளை, தப்பிச்சோம்." பிறகு நண்பனின் முகத்தைப் பார்த்து, "சரி, நான் பஸ்ல போயிக்கறேன், நீ போய்ப் பாரு," என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பின் வாசலில் பேருந்து உறுமிக்கொண்டு நின்றது. பெரிய பெரிய பைகளை இரண்டு ஆட்கள் வண்டிக்குள் எறிந்துகொண்டிருந்தார்கள். ஒரெஸ்ட் சுவரோரம் நின்று கையுறைக்குள் விரல்களை மடக்கி விரித்தார். வாயில் சொல் வரிசைகட்டி நின்றது. தலை குனிஞ்சுட்ட. இடது பக்கம் ஆளே இல்ல, அங்க தள்ளியிருக்கணும். உண்மை அத்தனையும், சொன்னால் அவனுக்கு உபயோகமும்கூட. தன்னிடம் மகனுக்குக் கொடுக்க இதைத் தவிர வேறு எதுவும் இருந்ததே இல்லை என்று அப்போது தோன்றி, அவருக்கு அழுகை வரும்போல் ஆனது.

ஸ்டெஃபான் வந்தான். சூட்டு, ஈரத் தலை, கன்னத்தில் புதுத் தையல். ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டான்.

"எப்டி இருக்கீங்க?"

"இருக்கேன். அக்காவுக்கு வலி எடுத்திருச்சாம், அம்மா சொன்னா."

"ம். எனக்கும் சொன்னாங்க."

பைகள் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்டெஃபான் தரையைப் பார்த்தபடி, பல்மருத்துவரிடம் வாயைத் திறப்பவன்போல் சொன்னான்:

"சரி, சொல்லுங்க."

"என்னத்த?"

"ரெண்டாவது கோல். எப்படியும் சொல்லத்தானே போறீங்க. சொல்லிடுங்கப்பா, முடிஞ்சுடும்."

ஒரெஸ்ட் மகனின் முகத்தைப் பார்த்தார். இருபத்திமூன்று வயது. வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றது அந்த முகம். ஏழு வயதில் சீட்டு பெல்ட்டை மாட்டிக்கொண்டதும் இதே முகம்தான் வைத்திருப்பான், இவர்தான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

"நான் பாக்கலடா," என்றார்.

"என்ன?"

"ஹாட் டாக் வாங்கப் போயிருந்தேன். வரிசை பெருசு. சத்தம் கேட்டு ஓடிவந்தேன், அதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

ஸ்டெஃபான் நிமிர்ந்தான். ஆட்டம் நடக்கும்போது மூத்திரத்துக்குக்கூட எழுந்து போகாத மனிதர் அவர். ஒருமுறை அரங்கில் தீ எச்சரிக்கை மணி அடித்தபோதும், இந்த ஆட்டம் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தவர். இது அவனுக்கும் தெரியும், அவனுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"ஹாட் டாக்," என்றான் மெதுவாக.

"ஆமா."

"நல்லா இருந்துச்சா?"

"சுமாரா இருந்துச்சு. கடுகு சாஸ் ஜாஸ்தி."

பேருந்திலிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஸ்டெஃபான் கையை மட்டும் உயர்த்தி, இரு என்று காட்டினான். பிறகு அந்த ஒரு கை தூரத்தைக் கடந்து வந்து, சுவரில் அப்பாவுக்குப் பக்கத்தில் சாய்ந்துகொண்டான். கடைசிப் பை உள்ளே போவதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவனுடைய ஈர முடி நுனிநுனியாக வெள்ளை பூத்து உறையத் தொடங்கியது.