அண்ணனின் பாதியில் கைவைத்த நாள்

அண்ணனிடம் சொல்லாமல் அவனுடைய பாதியில் கைவைப்பது என்று மேர்சி முடிவுகட்டிய காலையில் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கஹவத்தைப் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் வெயில் என்றால் தொழிலாளர் வரிசை வீடான லயம் காலி. எல்லாரும் பால் வெட்டப் போய்விட்டார்கள், அண்ணன் ஜெறோமும்தான்.

வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். அதன் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்திருந்தது. ஒரு பாதி, அதாவது ஒரு பார்ட்டிஷன், விண்டோஸ். அது ஜெறோமுடையது, ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எடுக்கும் கல்யாண வீடியோக்கள் அதில்தான். மற்றது லினக்ஸ், மேர்சியுடையது. நாளைக்கு அவளுக்கு வேலை தொடங்குகிறது. கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் சோதிக்கும் வேலை. அவர்கள் அனுப்பியதை இறக்கப் பார்த்தால், இடமில்லை என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது. அண்ணன் பக்கமோ பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறது. கேட்டால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பான். அவன் வருவதற்குள் காரியத்தை முடித்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

பென்டிரைவிலிருந்து கணினியைத் திறந்தாள். விண்டோஸைச் சுருக்கி, விட்ட இடத்துக்கு லினக்ஸை நகர்த்தி நீட்டச் சொல்லிப் பொத்தானை அழுத்தினாள். பச்சைக் கோடு ஊரத் தொடங்கியது. லேப்டாப்பின் பெட்டரி செத்து எவ்வளவோ நாளாகிறது. நடுவில் கரண்ட் போனால் இரண்டு பேர் பாதியும் போய்விடும். லயம் முழுக்க ஒரே இணைப்பு. தண்ணீர் கொதிக்க இரண்டு கரண்ட் கேத்தல் ஒன்றாகச் சூடானால் ட்ரிப் சுவிட்சு விழுந்து கரண்ட் போய்விடும். அதனால்தான் ஆளில்லாத நேரமாகப் பார்த்தாள்.

கோடு பாதி வந்தபோது தகரத்தில் படபடவென்று மழை கொட்டியது.

மழையில் பால் வெட்ட முடியாது. சிரட்டையில் விழுவது பாலா தண்ணீரா என்றே தெரியாது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் இதை மறந்தாள் பாருங்கள். இனி லயமே நனைந்துகொண்டு திரும்பி வரும், வந்ததும் கேத்தலைச் சொருகும்.

மேர்சி செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். பக்கத்து வீட்டுக் காம்பராவில், மழைக்கு முதல் ஆளாக ஓடி வந்திருந்த விஜயகலா ஈர உடுப்பைக் காயவைக்க அயர்ன் பெட்டி வயரைக் கையில் எடுத்திருந்தாள். போன மாதம்தான் கல்யாணமானவள்.

"அக்கா, சொருகாதீங்க. ஒங்க கல்யாணமே அழிஞ்சு போயிரும்."

"என்னடி சொல்ற?"

மேர்சி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவள் கல்யாண வீடியோவும் அதில்தான் இருக்கிறது, கேமரா கார்டை ஜெறோம் அடுத்த கல்யாணத்துக்காகத் துடைத்துவிட்டதால் வேறு பிரதி இல்லை என்பதையும் சேர்த்துத்தான். விஜயகலா வயரைக் கீழே போட்டாள். வாசலுக்கு வந்து ஒரு சத்தம் போட்டாள், அப்படியொரு சத்தம் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணிகூடப் போட்டதில்லை.

"யாரும் ஒண்ணும் சொருகாதீங்க. கேத்தலும் வேணாம், டீவியும் வேணாம். என் கல்யாணம் முடியுற வரைக்கும் பொறுத்துக்கங்க."

லயத்துக் கடைசியில், தொங்கல் காம்பரா காத்தமுத்து மாமா ஃபிரிஜ்ஜையே கழற்றிவிட்டார். மற்றவர்கள் விறகடுப்பை மூட்டினார்கள்.

சொட்டச் சொட்ட வந்து சேர்ந்த ஜெறோமுக்கு விஷயம் விஜயகலா வாயால்தான் தெரிந்தது. அவன் பச்சைக் கோட்டைப் பார்த்தான், தங்கச்சியைப் பார்த்தான், குடையை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மேர்சிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கோடு கடைசியைத் தொட்டது. கணினியை மறுபடி திறந்து, தன் பக்கத்தை விட்டுவிட்டு முதலில் விண்டோஸைப் போட்டாள். கல்யாணம் ஓடியது, மேளச் சத்தத்தோடு, மாலையும் கழுத்துமாக. காம்பரா நிறைய ஆள்.

"நெத்திச்சுட்டி கோணலா இருந்திருக்கே, ஒருத்தரும் சொல்லலியே," என்றாள் விஜயகலா. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்போதுதான் மேர்சிக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், லயத்துக் கோடியில் ட்ரிப் சுவிட்சுப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்காதபடி அதன் மேல் குடையைப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி காவல் நிற்கிறான். முடிந்ததை யாரும் அவனிடம் சொல்லவில்லை.

"முடிஞ்சிருச்சுண்ணே. கல்யாணம் அப்பிடியே இருக்கு."

"அது கெடக்கட்டும். வேலைக்கு ஒனக்கு எடம் போதுமா?"

"போதும்ணே."

"பத்தாட்டி இன்னும் எடுத்துக்க," என்றான் ஜெறோம். "கேட்டுட்டு எடு."