காலை ஆறு மணியிலிருந்து

லாரி டிரைவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். மறுநாள் விடிந்ததும் இரண்டு தடவை கட்டிலில் தொங்கிய அழைப்பு மணியை அழுத்திவிட்டார். இரண்டு தடவையும் ஒரு நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனாள். மூன்றாவது தடவை அவர் கை நீண்டபோது அவர் மனைவிக்கு மானம் போனது. பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடமே மன்னிப்புக் கேட்கிறவள் அவள்.

“பக்கத்துக் கட்டில்ல வயித்தைக் கிழிச்சுத் தெச்சவரே பேசாம படுத்திருக்காரு. நீங்க ஊரைக் கூட்டுறீங்க.”

“அவரும் நானும் என்ன போட்டியா போடறோம்? வலிக்குதுடி.”

அவள் மணியை எடுத்து அவருக்கு எட்டாத கொக்கியில் மாட்டினாள்.

பிறகு அவர் தம்பி வந்தான். காலி கட்டில்களில் இருந்து மூன்று தலையணை பொறுக்கி வந்து காலுக்கடியில் அடுக்கினான். “வீக்கம் வடியணும்னா கால் உசரத்துல இருக்கணும், அண்ணி.”

“கொடி ஒண்ணுதான் பாக்கி. அதையும் ஏத்திடு” என்றார் டிரைவர். அதன்பின் அவர் கேலி பேசவில்லை. துண்டைக் கடித்துக்கொண்டார். கால்விரல்களில் எறும்பு ஊர்கிறது என்றார். அவர் வாய் ஓய்ந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பத்து மணிக்கு அவள் நர்ஸ் மேஜைக்குப் போய் நின்றாள். பகல் முறைக்கு வந்த சிஸ்டர் நிமிரும்வரை வாய் திறக்கவில்லை. “உங்க வேலையெல்லாம் முடிஞ்ச பிறகு வந்தா போதும் சிஸ்டர்...”

சிஸ்டர் உடனே எழுந்து வந்தாள். முதல் காரியமாகத் தலையணைகளை உருவினாள். “நெஞ்சு மட்டத்துலதான் கால் இருக்கணும். மேல தூக்கினா ரத்தம் போய்ச் சேராது.” மாவுக்கட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்த பெருவிரலை மெல்ல மேலே வளைத்தாள். டிரைவர் அலறினார்.

அலறல் கேட்டு வந்த பயிற்சி டாக்டர் பாதத்தில் விரல் வைத்துப் பார்த்தார். “நாடி நல்லாத்தானே இருக்கு சிஸ்டர். இன்னொரு ஊசி போடலாமே.”

“நாடி கடைசியா போறது டாக்டர். அது போற வரைக்கும் காத்திருந்தா காலும் போயிடும். உள்ளே சதை வீங்கி, இடமில்லாம தன்னையே நெரிக்குது.” சொல்லிவிட்டுப் பெரிய டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் மாவுக்கட்டைப் பிளக்கச் சொன்னார். மாவும் உள்ளிருந்த பஞ்சும் தோல்வரை பிளந்தார்கள். வலி குறையவில்லை.

“எத்தனை மணியிலேர்ந்து இவ்வளவு வலி?” என்று சிஸ்டர் கேட்டாள். “சரியாச் சொல்லணும்.”

டிரைவர் வாய் திறக்கும் நிலையில் இல்லை. தம்பி தரையைப் பார்த்தான். இப்போதுதான் ஆரம்பித்தது என்று சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியாது. அவள் கொக்கியில் தொங்கிய மணியைப் பார்த்தாள்.

“காலையில ஆறு மணியிலேர்ந்து. கூப்பிடப் போனாரு. மணியை நான்தான் தள்ளி மாட்டினேன்.”

சிஸ்டர் திட்டவில்லை. தாளில் நேரத்தை எழுதினாள். “இதுதான் டாக்டருக்கு வேணும். ஏற்கெனவே நாலு மணி நேரம் ஆயிடுச்சு.” வேறு நோயாளிக்கு ஒதுக்கியிருந்த அறுவை மேஜைக்கு டிரைவர் போனார்.

வீங்கிய சதைக்கு இடம் கொடுக்கக் காலின் இரு பக்கமும் நீளமாகக் கீறித் திறந்தே விட்டிருந்தார்கள். சிஸ்டர் ஈரத்துணி மாற்றும்போது மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் சிஸ்டர் விரலைத் தொட்டு, “இது தெரியுதா? அசைங்க பார்ப்போம்” என்பாள். மூன்றாம் நாள் பெருவிரல் நெல்லளவு நகர்ந்தது. கால் தங்கிவிட்டது. பாதம் மட்டும் முழுதாக மேலே எழவில்லை.

அவர் ஒன்பது வருடம் அந்தக் காலை லேசாக இழுத்து நடந்தார். அந்த இழுப்பில் தன் பங்கு எவ்வளவு என்று அவள் ஒரே ஒரு முறை கேட்டாள்.

“இழுக்கறதுக்குக் கால்னு ஒண்ணு இருக்கே, அதைப் பாருடி” என்றார்.

அவரோடு போகும்போதெல்லாம் அவள் தன் நடையையும் குறைத்துக்கொண்டாள். அவர் போய் மூன்று வருடமாகிறது. வேகமாக நடக்க அவளுக்கு இன்னும் வரவில்லை.