வண்டிக்கு அடியில் ஈரம்

தூர்மோட் வோகெ தன் புது மின்சாரக் காரை முதல் தடவை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது அதை வாங்கி ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. எழுபத்தாறு வயது. முப்பத்தொரு வருடம் கார் ஏற்றும் படகுகளின் என்ஜின் அறையில் வேலை பார்த்தவர், அதனால் எங்கள் துறைமுக ஊரான லெய்ர்விக்கில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. மனைவி இறந்த பிறகு குன்றின் மேலிருந்த வீட்டில் தனியாக இருந்தார். கடைக்கும் கல்லறைக்கும் போய்வர அந்தக் கார்தான்.

வண்டிக்கு அடியில் ஏதோ சொட்டுகிறது என்றார். துறைமுகத்தில் வேக சார்ஜரில் சார்ஜ் போட்டுவிட்டு வருகிற நாட்களில்தான் சொட்டுகிறது என்றும் சொன்னார். அக்டோபர் மாதம், வெளியே விடாத மழை. உள்ளே வந்த எல்லா வண்டியும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. நான் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஏசியிலிருந்து வரும் தண்ணீர், புது வண்டிகளில் சகஜம் என்று சொன்னேன். அவர் தரையில் கிடந்த ஈரத்தைத் தொட்டு இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தார்.

"தண்ணி இப்படி ஒட்டாது, யூஸ்டைன்."

ரோட்டில் கிடக்கிற உப்பும் அழுக்கும் சேர்ந்தால் ஒட்டும் என்றேன். அவர் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். அந்த முறை முன்பக்க மூடியைத் திறந்து பார்த்தேன். பேட்டரியைக் குளிர்விக்கும் ரோஜா நிறத் திரவமான கூலன்ட் ஒரு விரல் அளவு குறைந்திருந்தது. உள்ளே அடைபட்ட காற்று வெளியேறினால் புது வண்டியில் கொஞ்சம் இறங்கும். அது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்கிற, பெரும்பாலும் உண்மையான விஷயம். நிரப்பி மூடினேன். நிரப்பியதை எங்கும் எழுதவில்லை. அன்று எனக்கு இன்னும் ஆறு வண்டிகள் பாக்கி இருந்தன.

மூன்றாவது முறை அட்டைகளோடு வந்தார். ஒவ்வோர் இரவும் வண்டிக்கு அடியில் அட்டை விரித்து, காலையில் எடுத்துத் தேதி எழுதிவைத்திருந்தார். காய்ந்த கறையின் ஓரத்தில் லேசாக ரோஜா நிறம் தெரிகிறது என்றார். எங்கள் மேலாளர் ஃப்ரூடெ அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தனக்குப் பழுப்புதான் தெரிகிறது என்று சொல்லிவிட்டான். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற இருபத்திரண்டு திருகு. கழற்றிப் பார்க்கலாமா என்று நான் கேட்டதற்கு, கிழவரின் கவலைக்கெல்லாம் கம்பெனி நேரம் தராது என்றான் ஃப்ரூடெ. அன்றிலிருந்து காப்பி அறையில் அவர் பெயர் அட்டைக்காரர். நானும் சிரித்திருக்கிறேன்.

நான்காவது முறை அவர் போன பிறகு ஃப்ரூடெ கணினியில் எழுதினான்: "அதே புகார், நான்காம் முறை. கசிவு இல்லை. வாடிக்கையாளர் குழப்பத்தில் இருப்பதாகத் தெரிகிறது." நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்தேன்.

டிசம்பரில் அவர் மகள் ரன்வைக் பெர்கனிலிருந்து வந்தாள். அங்கே ஒரு பள்ளியில் துணைத் தலைமை ஆசிரியை. அப்பா தினமும் போன் செய்து இந்தக் கசிவைப் பற்றியே பேசுகிறார், ஒரு நாள் அடுப்பில் பாத்திரத்தைக் கருகவிட்டார், பல் மருத்துவரிடம் போக மறந்தார் என்றெல்லாம் சொன்னாள். பயந்துபோயிருந்தாள்.

"நேராவே கேக்கறேன். கார்ல நெஜமாவே ஏதாவது கசியுதா? இல்ல அப்பா கண்ணுக்கு மட்டும்தான் தெரியுதா?"

நிரப்பிய அந்த ஒரு விரல் அளவு எனக்கு ஞாபகம் வந்தது. ஃப்ரூடெ பக்கத்தில் நின்றிருந்தான்.

"நாங்க பார்த்தவரைக்கும் ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

ஃப்ரூடெ நான்கு வருகைகளின் குறிப்பையும் அச்செடுத்து அவள் கையில் கொடுத்தான். அவள் அதை எடுத்துக்கொண்டு அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். மறதி நோய் இருக்கிறதா என்று பார்க்கக் கடிகாரம் வரையச் சொல்லும் சோதனை, சொற்களை நினைவில் வைத்துச் சொல்லும் சோதனை. ஜனவரியில் அவர் வண்டி ஓட்டக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. கார் இல்லாமல் குன்றின் மேல் இருக்க முடியாது. மார்ச்சில் வீட்டை விற்றுவிட்டு நகராட்சியின் முதியோர் குடியிருப்புக்கு வந்தார். கார் ரன்வைக்கிடம் போயிற்று.

மே மாதம் அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அவள் துறைமுகத்தில் வேக சார்ஜ் போட்டிருக்கிறாள். படகுக்கான வரிசையில் நிற்கும்போதே சிவப்பு எச்சரிக்கை வந்து வண்டி நகர மறுத்துவிட்டது. எங்களிடம் இழுத்து வந்தார்கள்.

வண்டி தூக்கும் லிஃப்டில் ஏற்றி இருபத்திரண்டு திருகையும் கழற்றினேன். மூடி என் கைக்குக் கனத்தது. உள்பக்கம் சத்தத்தை அடக்க ஒட்டியிருந்த மெத்தை, குடித்துக் குடித்து ஊறிப்போய், ரோஜா நிறத்தில் இருந்தது. பிழிந்தால் ஒரு லிட்டர் வந்திருக்கும். பேட்டரிக்கு முன்னால் கூலன்ட் ஓடும் ஒரு ஹோஸின் கிளிப் ஒரு பல் அளவுக்கு உள்ளே போகாமல் நின்றிருந்தது. தொழிற்சாலையில் எவனோ முழுசாக அழுத்தாமல் விட்டிருக்கிறான். வேக சார்ஜில் பேட்டரி சூடாகி பம்ப் முழு வேகத்தில் ஓடும்போது மட்டும் அங்கே கசிந்து, மூடியின் உள்ளேயே பின்பக்கம் ஓடி, மழைத் தண்ணீரோடு கலந்து, நிறம் வெளுத்துச் சொட்டியிருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது.

ரன்வைக்கை லிஃப்டுக்கு அடியில் கூப்பிட்டுக் காட்டினேன். நிரப்பிவிட்டு எழுதாமல் விட்டதையும் சொன்னேன். அவள் மெத்தையைத் தொட்டு விரலைப் பார்த்தபடியே நின்றாள்.

"டாக்டர்கிட்ட அந்தக் காகிதத்தை நீட்டினது நான்தான்" என்றாள். பிறகு, "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. இப்பத்தான் கொஞ்சம் அமைதியா இருக்கார்."

அது யாருடைய அமைதி என்று எனக்குப் புரியவில்லை.

பழைய குறிப்பைத் திருத்தச் சொல்லி ஃப்ரூடெயிடம் கேட்டேன். அன்றைக்குத் தெரிந்ததை அன்றைக்கு எழுதினோம், அதில் திருத்த என்ன இருக்கிறது என்றான். உத்தரவாதப் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனான்.

சனிக்கிழமை முதியோர் குடியிருப்புக்கு நானே போனேன். கதவைத் திறந்த தூர்மோட் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். எந்த இடம் என்று மட்டும் கேட்டார். ஹோஸ் கிளிப், ஒரு பல் உள்ளே போகவில்லை என்றேன்.

"சூடானா மட்டும்."

"ஆமா."

தலையை ஆட்டினார். மருத்துவருக்கு நான் எழுதிக் கொடுக்கிறேன், மறுபடி சோதனைக்குக் கேட்கலாம் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கோபமே இல்லாமல் பேசினார்.

"நீங்கல்லாம் சொன்னதை நான் நம்பிட்டேன் தம்பி. அதான் விஷயம். வாசல்ல ஈரத்தைப் பார்ப்பேன். இது நெஜமா இருக்கான்னு என்னையே கேட்டுக்குவேன். அடுப்பை அணைச்சோமான்னு மூணு தடவ எழுந்து போய்ப் பார்ப்பேன். டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னாரு. எனக்குத் தெரியும். ஆனா நமக்குத் தெரிஞ்சதுதான் தப்பாச்சேன்னு கை அப்படியே நின்னுடுச்சு."

"இப்ப தெரிஞ்சிடுச்சே" என்றேன்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு இன்னும் கை நிக்குது."

மருத்துவருக்கு எழுதினேன், நிரப்பியதையும் சேர்த்து. நோயாளி தானே விண்ணப்பித்தால் மறு சோதனை செய்யலாம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அவர் விண்ணப்பிக்கவில்லை. ரன்வைக் கோடையில் காரை விற்றுவிட்டாள்.

செப்டம்பரில் ஒரு மத்தியானம் கல்லறைச் சாலை பஸ் நிறுத்தத்தில் தூர்மோட் மழையில் நிற்பதைப் பார்த்தேன். வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, ஏறிக்கொள்ளச் சொன்னேன்.

"பஸ் வரும்" என்றார்.

அந்த வழியில் மணிக்கு ஒரு பஸ்தான். ஐந்து நிமிடம் முன்னால்தான் அது அந்த நிறுத்தத்தைத் தாண்டி வந்து எதிரே என்னைக் கடந்து போயிருந்தது. அதைச் சொன்னேன். தெரியும் என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ் வரும் பக்கம் திரும்பிக்கொண்டார்.