மூன்று வெற்றுக் கட்டங்கள்

அன்று மேட்ரன் அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். மூச்சுச் சிகிச்சைப் பயிற்சியை நடத்திய டாக்டர் வேங்கடசுப்ரமணியன். மேட்ரன் குல்கர்ணி பாய். ஞாயிற்றுக்கிழமை டியூட்டியில் இருந்த, அல்லது இருந்திருக்க வேண்டிய, டாக்டர் ஜம்புநாதன். குறிப்பெழுத வந்த கிளார்க் சந்திரமௌலி. சாட்சியாக வந்த நர்ஸ் விஜயலக்ஷ்மி. ஆறாவது ஆள் நர்ஸ் பேராச்சி. சந்திரமௌலி தன் நோட்டில் முதல் ஐந்து பெயர்களையும் வந்திருந்தோர் என்று எழுதிவிட்டு, கீழே ஒரு கோடு கிழித்து, பேராச்சியின் பெயரைத் தனியாக எழுதினார். யாரும் உட்காரச் சொல்லாததால் அவள் நின்றுகொண்டிருந்தாள். நின்றவளுக்கு நோட்டு நன்றாகத் தெரிந்தது.

மேஜைமேல் ஒரு சார்ட் கிடந்தது. கால் மணிக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் நோயாளி நிமிஷத்துக்கு எத்தனை முறை மூச்சு விட்டான் என்பதை எண்ணி எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரிசையில் மத்தியானம் இரண்டு மணி, இரண்டே கால், இரண்டரை என்று மூன்று கட்டங்கள் காலி. அதை நிரப்ப வைப்பதற்குத்தான் இந்தக் கூட்டம். நிரப்பினால் பேராச்சி பயிற்சியில் இருப்பாள். இல்லையென்றால் பழைய தோல்நோய் வார்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

1967-ல் செம்பூரில் அந்த ஆஸ்பத்திரி நடத்திய பயிற்சி அது. ஏற்கெனவே படித்து முடித்து வேலையில் இருக்கும் நர்ஸுகளுக்கு ஆறு மாத மேல்படிப்பு. பெரியவர்களின் மூச்சுக் கோளாறு மட்டுமே பாடம்: விஷப்புகை குடித்தவர்கள், பூச்சிமருந்து குடித்தவர்கள், தாடை இறுகிப்போன டெட்டனஸ்காரர்கள். நாலு ஆஸ்பத்திரிகளிலிருந்து எட்டுப் பேரைப் பொறுக்கி எடுத்தார்கள். தாராவியிலிருந்து போனவள் பேராச்சி ஒருத்திதான். தோல் பதனிடும் கொட்டகையில் வேலை செய்தவரின் மகள். பாஸ் செய்தவர்களுக்குப் புதிய மூச்சு அறையில் நிரந்தர வேலை என்று பேச்சு. அந்த அறையை அவள் முதல் நாள் பார்த்தபோதே தன்னுடையது என்று முடிவு செய்துவிட்டாள். இப்படி எதையும் அவள் அதற்கு முன் ஆசைப்பட்டதில்லை.

வேங்கடசுப்ரமணியன் மாதுங்காக்காரர், லண்டனில் இரண்டு வருஷம் படித்தவர். நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். அதை மறுக்க முடியாது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்த நோயாளிக்குச் சளியை உறிஞ்சும்போது நர்ஸ் தன் மூச்சையும் அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய முதல் பாடம். உனக்கு மூச்சு முட்டும்போது அவனுக்கும் முட்டுகிறது, உடனே ரப்பர் குழாயை வெளியே எடு என்பார். பழகுவதற்கு ஆட்டின் மூச்சுக்குழாய் வேண்டியிருந்தது. தாராவிக் கறிக்கடையில் சொல்லிவைத்து, வாரம் இரண்டு நாள் டிபன் டப்பாவில் போட்டு ரயிலில் கொண்டுவருவது பேராச்சியின் வேலையாயிற்று. டாக்டர் அதைக் கையுறை போட்டுத்தான் தொடுவார். விஜயலக்ஷ்மி கையுறைக்குமேல் இன்னொரு கையுறை போட்டாள். பேராச்சி வெறுங்கையால் பிடித்து, அதில் செருகிய இரட்டைக் குழாயின் உள்குழாயைக் கழற்றி, கழுவி, மாட்டி, எட்டுப் பேரில் முதலில் முடித்துவிடுவாள். ஆட்டுத்தொண்டை என்று அவளுக்குப் பெயர் வைத்தார்கள். அதற்கு அவளும் சிரித்தாள்.

டாக்டருக்கு ஒரு பைத்தியம் உண்டு. சார்ட்டில் வெற்றுக் கட்டம் ஆகாது. காலி விட்டவளை மறுநாள் வகுப்பில் எழுப்பி நிறுத்தி, எல்லோர் முன்னாலும் அந்த மணியை உரக்கப் படிப்பார். ஒரு வாரம் இதைப் பார்த்த எட்டுப் பேரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாப்பிடப் போகுமுன் அடுத்த ஒரு மணி நேரத்துக்கான நாலு கட்டத்தையும் நிரப்பிவிடுவார்கள். பதினெட்டு, பதினெட்டு, பத்தொன்பது, பதினெட்டு. நடுவில் ஒரு பத்தொன்பது போட்டால் உண்மைபோல இருக்கும். பேராச்சியும் இரண்டு தடவை அப்படிச் செய்திருக்கிறாள். டாக்டர் கண்டுபிடிக்கவில்லை. சார்ட் நிறைந்திருந்ததில் அவருக்குச் சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. கரீம் பாட்சா என்பவன் அம்பர்நாத்தில் ஒரு சாயப் பட்டறையில் விஷப்புகை குடித்து, நுரையீரல் வெந்து, தொண்டையில் வெள்ளிக் குழாயோடு எட்டு நாளாகக் கிடந்தான். குழாய்க்குள் போகும் ஆக்ஸிஜன் ஒரு தண்ணீர் பாட்டில் வழியே நனைந்து போக வேண்டும். அதற்குக் காய்ச்சி வடித்த வடிநீர்தான் ஊற்றலாம். வடிநீர் ஸ்டோரில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் திறப்பதில்லை. ஒன்றரை மணிக்குப் பாட்டில் வற்றியது. காய்ந்த காற்றில் சளி இறுகியது. இரண்டு மணிக்கு அவனுடைய கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்தது. பேராச்சி உப்புநீர் விட்டு உறிஞ்சிப் பார்த்தாள், ரப்பர் குழாய் பாதியோடு நின்றது. விஜயலக்ஷ்மி டியூட்டி ரூமுக்கு மூன்று தடவை போன் செய்தாள். மூன்றாவது தடவை பியூன் எடுத்து, டாக்டர் ஜம்புநாதன் மாதுங்காவில் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார், வந்ததும் சொல்கிறேன் என்றான்.

நர்ஸ் சளியை உறிஞ்சலாம், குழாயைக் கழற்றக்கூடாது. அது அந்த ஆஸ்பத்திரியின் சட்டம். ஆட்டில் கழற்றலாம், ஆளில் கூடாது. பேராச்சி கால் மணி நேரம் சட்டத்தைக் காப்பாற்றினாள். அதன்பின் கரீம் பாட்சாவின் உதடு நீலமாயிற்று, நெஞ்சு அசையவே இல்லை. அவள் உள்குழாயைத் திருகி இழுத்தாள். காய்ந்த பிசின் கட்டிபோல ஒன்று கூடவே வந்தது. ஆயா ஆறுமுகத்தாய் டீக்கு வைத்திருந்த கொதிநீரில் குழாயைக் கழுவிப் பழையபடி மாட்டினாள். அவன் இருமினான். இரண்டே முக்கால் வரை அவள் கட்டிலைவிட்டு நகரவில்லை. சார்ட் பக்கம் திரும்பவும் இல்லை.

டாக்டர் ஜம்புநாதன் மூன்றரைக்கு வந்தார். சட்டையில் சந்தனம் இருந்தது.

இதையெல்லாம் வேங்கடசுப்ரமணியன் அறியாதவரல்ல. நேற்றே அவரிடம் பேராச்சி ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தாள். ஆனால் வியாழக்கிழமை டெல்லியிலிருந்து மூன்று பேர் வருகிறார்கள். அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் பயிற்சிக்கு அங்கீகாரம்.

“பாரு குழந்தே,” என்றார். “நீ பண்ணினது தப்புன்னு நான் சொல்லலை. ஆனா வரவா பேஷண்ட்டையா பார்க்கப் போறா? சார்ட்டைத்தான் பார்ப்பா. மூணு கட்டம். எழுதிட்டா ஆச்சு.”

“நான் எண்ணல சார்,” என்றாள் பேராச்சி. “எண்ணுததுக்கு அங்க மூச்சே இல்ல. இல்லாத மூச்ச எப்படி எழுத?”

மேட்ரன் இந்தியில் குறுக்கிட்டாள். குழாயைத் தொட்ட குற்றத்தை இந்த ஒரு தடவை மன்னிக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார், அந்தப் பெருந்தன்மையைப் புரிந்துகொள் என்றாள். பேராச்சிக்கு நன்றாகவே புரிந்தது. கட்டத்தில் பதினெட்டு என்று எழுதினால் குழாய் அடைக்கவில்லை. குழாய் அடைக்கவில்லை என்றால் யாரும் டாக்டரைக் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லை என்றால் கல்யாணச் சாப்பாடும் இல்லை, வற்றிய பாட்டிலும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடந்த ஸ்டோரும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஸ்டோர் பூட்டித்தான் கிடக்கும்.

போன் செய்தாயா என்று விஜயலக்ஷ்மியைக் கேட்டார்கள். ஞாபகம் இல்லை என்றாள். தரையைப் பார்த்துச் சொன்னாள். அவள் போனில் நின்ற அதே நேரத்தில் அவளுடைய நோயாளியின் சார்ட்டில் இருபது, இருபது, இருபத்தொன்று என்று அழகாக எழுதியிருந்தது. பேராச்சி அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு பேர் வீட்டுக்குப் போவார்கள், ஜம்புநாதன் நாற்காலியில் இருப்பார். அதனால் சொல்லவில்லை. ஆனால் மன்னிக்கவும் இல்லை.

ஜம்புநாதன் சந்திரமௌலி பக்கம் சாய்ந்து, “கறிக்கடைப் பாடம் நன்னாப் படிச்சிருக்கா,” என்றார்.

“கறிக்கடைக்காரரு ஞாயித்துக்கெழம கடையில இருப்பாரு சார்,” என்றாள் பேராச்சி.

சந்திரமௌலி எழுதுவதை நிறுத்தினார். இதைக் குறிப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்று வேங்கடசுப்ரமணியனின் முகத்தைப் பார்த்தார். டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றி, பேனாவைச் சார்ட்டின்மேல் வைத்து, அவள் பக்கம் தள்ளினார்.

சுவர்க் கடிகாரம் பதினொன்றரையைத் தாண்டியிருந்தது. கரீம் பாட்சாவுக்கு அரை மணிக்கு ஒரு தடவை சளி உறிஞ்ச வேண்டும். மற்ற ஆறு பேரையும் காலையிலேயே பஸ் ஏற்றி வேறொரு ஆஸ்பத்திரியில் மிஷின் காட்டக் கூட்டிப்போய்விட்டார்கள். டியூட்டியில் மிஞ்சிய இரண்டு பேரும் இந்த அறையில் இருந்தார்கள். மூச்சு அறையில் பெண்கள் வார்டிலிருந்து கடன் வாங்கிய ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். அவள் அந்தக் குழாயைக் கண்ணால் பார்த்ததே இன்று காலையில்தான். பேராச்சி இதைச் சொல்லி, போய் உறிஞ்சிவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். முதலில் எழுது, ஐந்து நிமிஷம் என்றார் டாக்டர். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்டாள். எழுதிவிட்டுப் போ என்றார்.

அவள் பேனாவை எடுத்தாள். மேட்ரன் பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

பேராச்சி மூன்று கட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்து, குறுக்கே, பெரிய இங்கிலீஷ் எழுத்துகளில் எழுதினாள். குழாய் அடைத்தது. டாக்டருக்கு மூன்று முறை போன் செய்தோம், வரவில்லை. உள்குழாயை நான் கழற்றிக் கழுவி மாட்டினேன். மூச்சு எண்ணவில்லை. இடம் போதாமல் கடைசி வார்த்தை ஓரக்கோட்டுக்கு வெளியே போயிற்று. கீழே முழுப் பெயரையும் தேதியையும் போட்டாள்.

சார்ட்டை முதலில் எடுத்தவள் மேட்ரன். படித்தாள். டாக்டர் கை நீட்டினார். மேட்ரன் அதைக் கொடுக்காமல் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஏன் என்று அப்போதும் பின்னாலும் யாருக்கும் தெரியவில்லை.

வேங்கடசுப்ரமணியனின் குரல் உயரவே இல்லை. அவர் கோபத்தில் இன்னும் மெதுவாகப் பேசுகிறவர். “இந்த வாசப்படியத் தாண்டினா உன் பேரு பயிற்சில இல்லை. மூச்சு அறைக்குள்ளே நீ காலெடுத்து வைக்கப்படாது. யோசிச்சுக்கோ.”

“பேர வெட்டிக்கிடுங்க சார்,” என்றாள். “மணி பதினொன்னே முக்கால். அவருக்குப் பதினஞ்சு நிமிசம் பிந்திப்போச்சு. நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க, நேரம் தவறப்படாதுன்னு.”

தாழ்வாரத்தில் அவள் ஓடவில்லை, ஓடுவது நர்ஸுக்கு அழகில்லை என்று பழக்கியிருந்தார்கள். ஆனால் அந்த நடைக்கு ஈடுகொடுக்க, டாக்டர் பின்னால் அனுப்பிய பியூன் சுயம்பு ஓட வேண்டியிருந்தது. தாராவியில் அவளுக்கு இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தவர். வேலைக்குப் பயந்தவர். “ஏ தாயி, நில்லு. டாக்டரு ஒன்ன உள்ள விடக்கூடாதுங்காரு. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு, கேக்கியா?” என்று சொல்லிக்கொண்டே வந்தார். கேட்கிறேன், நீங்கள் சொல்லிவிட்டீர்கள், உங்கள் கடமை முடிந்தது என்று திரும்பாமலே சொன்னாள். அவருக்கும் பின்னால், தாழ்வாரத்தின் கோடியில், வேங்கடசுப்ரமணியனின் செருப்புச் சத்தம் கேட்டது.

மூச்சு அறை வாசலில் ஆறுமுகத்தாய் நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். உள்ளே கடன் வாங்கிய நர்ஸ் ரப்பர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் விடுவது என்று தெரியாமல் விழித்தாள். கரீம் பாட்சாவின் குழாயில் கரகரவென்று சளி கொதித்தது. கழுத்துக்குழி மெல்ல இழுக்கத் தொடங்கியிருந்தது.

“வாட்டி,” என்றாள் ஆறுமுகத்தாய். “அந்தப் புள்ள தொடவே பயப்படுதா.”

“என்னைய உள்ள விடக்கூடாதாம். ஒங்களையும் கேப்பாவ,” என்றாள் பேராச்சி.

ஆறுமுகத்தாய் தாழ்வாரத்தைப் பார்த்தாள். சுயம்பு நாலடி தள்ளி மூச்சிரைக்க நின்றுவிட்டார். டாக்டர் பாதி தூரம் வந்திருந்தார்.

“கேக்கட்டும். நீ உள்ள போ.”

பேராச்சி உள்ளே போய்க் கை கழுவத் தண்ணீர்க் குழாயைத் திருகினாள். ஆறுமுகத்தாய் அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, உள்பக்கம் பூட்டினாள்.