ஐந்து பொத்தான்

தலைதலையாய் அடித்துக்கொண்டேன். "இன்னிக்கு ஒரு நாள் சவரம் வேண்டாம். பழைய சட்டையே போதும். செருப்போட வாங்க." என் வீட்டுக்காரர் கேட்டால்தானே!

"மெடிக்கல் போர்டு முன்னாடி பரதேசி மாதிரி நிக்கச் சொல்றியா?"

போரிலிருந்து திரும்பிய இந்தப் பதினோரு வருடத்தில் அவருக்கு வராத உபத்திரவம் இல்லை. விரல் மடங்காது, மூச்சு வாங்கும், திடீரென்று தோலெல்லாம் தடித்துவிடும். எந்த டாக்டரும் நோய்க்குப் பெயர் சொல்லவில்லை. பெயர் இல்லாத நோய்க்கு ஊனமுற்றோர் பென்ஷன் இல்லையென்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது கடைசி மேல்முறையீடு. "பேரு இல்லேன்னாலும் பரவாயில்லம்மா. உடம்பால என்ன முடியலன்னு போர்டு கண்ணால பாக்கணும்" என்று முன்னாள் படைவீரர் சங்கத்துச் செயலாளர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

கடைசியில் நான்தான் இளகினேன். சட்டையை இஸ்திரி போட்டு, ஐந்து பொத்தானையும் மாட்டி, குனிந்து பூட்ஸ் கயிற்றையும் கட்டிவிட்டேன். கண்ணாடி பார்த்தவர் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு களை. பாழாய்ப்போன மனசு, எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

போர்டு அறைக்குள் இருந்த டாக்டர் பட்டாளத்துக்காரர். மேசைமேல் பெயர்ப்பலகையில் கர்னல் என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் இவர் குதிகால் இரண்டையும் சேர்த்து விறைத்து நின்றுவிட்டார்.

"என்ன கஷ்டம் உங்களுக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்!"

ஐயையோ, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாரே! நான் வாயைத் திறந்தேன். "அம்மா, அவர்தான் சொல்லணும்" என்று கர்னல் தடுத்தார். இவருடைய வலியையெல்லாம் தினம் தினம் நான் எழுதிவைத்த நோட்டை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

வராந்தா வரைதான் அந்த விறைப்பு. பெஞ்சில் விழுந்தவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"அதிகாரி கேட்டா வேற என்னடி சொல்றது? வாயில அதுதான் வந்துச்சு."

அறையலாம் போல அவ்வளவு கோபம் எனக்கு. அழுகைதான் வந்தது.

நேற்று கடிதம் வந்தது. 'விண்ணப்பதாரர் நேர்த்தியாக உடுத்தியிருந்தார். பொத்தான் மாட்டவோ காலணிக் கயிறு கட்டவோ சிரமம் இருப்பதாகத் தெரியவில்லை. நிராகரிக்கப்படுகிறது.' படித்துவிட்டு அலமாரியில் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

இன்று காலை வழக்கம்போல அவருக்குச் சட்டை போட்டுவிட்டேன். மூன்றாவது பொத்தானில் என் விரல் நின்றுவிட்டது.

"என்னடி, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல" என்றேன்.