சாய்தளம் சொன்ன எண்

விடை வந்துவிட்டது. அதற்குப் பிறகும் அக்காவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

பழைய கிடங்கின் முற்றத்தில் படப்பிடிப்பு. அவள் தம்பி பைக்கில் பலகைச் சாய்தளத்தில் ஏறி, குறுக்கே நிற்கும் பேருந்துக்கு மேலே பறந்து, எதிர்ப்புற மேடையில் இறங்க வேண்டும். மேடை எங்கே நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அக்காவின் வேலை.

காலையில் மணல்மூட்டை கட்டிய பைக்கைக் கம்பிவடத்தால் இழுத்து, தம்பி ஓட்டப்போகும் அதே வேகத்தில் ஒருமுறை பறக்கவிட்டார்கள். அட்டைப்பெட்டிக் குவியலுக்குள் பாய்ந்து நொறுங்கிய அந்த வண்டி இப்போது ஓரமாகக் கிடந்தது. சாய்தளத்தின் நுனி, முதல் கம்பம், இரண்டாம் கம்பம் என மூன்று இடங்களில் அது போன உயரம் கேமராவில் பதிவாகியிருந்தது. நுனியிலிருந்து தூரம் x, உயரம் y என்று வைத்து, மூன்றையும் y = ax² + bx + c-இல் போட்டாள். c நுனியின் உயரம்: 2.4 மீட்டர். a, −0.06. b, 0.64. வளைவு அதே உயரத்துக்குத் திரும்ப இறங்கும் இடம் 10.67 மீட்டர். மேடையும் அதே உயரம்தான்; அதன் விளிம்பைச் சற்று முன்னால், பத்தேகாலில் போட்டுவிட்டார்கள்.

வளைவு மூன்று புள்ளிகளையும் தொட்டுக்கொண்டு போனது. அதில் அவளுக்கு நிம்மதி இல்லை. மூன்று புள்ளி கொடுத்தால் வளைவு எப்போதும் வாய்க்கும். அதில் ஒன்று பொய்யானாலும் அது முகம் சுளிக்காது. நான்காவது ஒரு சாட்சி வேண்டும்.

“என்னம்மா, காலுக்குக் கீழ நெருப்பா?” என்றார் சண்டை மாஸ்டர். “வெளிச்சம் போகுது.”

“இன்னொரு தடவை மூட்டையை விட்டுப் பாக்கலாமா மாஸ்டர்?”

“எந்த வண்டியில? உன் ஸ்கூட்டர்லயா?”

தம்பி ஹெல்மெட்டுக்குள் சிரித்தான். “விடுங்க மாஸ்டர். விடை வராட்டியும் கவலை, வந்தாலும் கவலை. வீட்லயும் இப்படித்தான்.”

அவன் எஞ்சினை உறுமவிட்டான். அவள் சாய்தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று உறைத்தது. b என்பது வண்டி நுனியை விடும் கணத்தின் சரிவு. அதை அறிய எதையும் பறக்கவிட வேண்டியதில்லை. பலகை கண்ணெதிரே நிற்கிறது. டேப்பை எடுத்துக்கொண்டு ஓடி அடிப்பக்கத்தை அளந்தாள். மூன்று மீட்டர். உயரம் 2.4. வகுத்தால் 0.8. சமன்பாடோ 0.64 என்கிறது.

“டேய், எஞ்சினை நிறுத்து! முதல் கம்பத்துக்குத் தூரம் அளந்தது நீதானே?”

“ஆமா. ஆறு மீட்டர்.”

“எங்கேர்ந்து?”

அவன் பூட்ஸ் நுனியால் சாய்தளத்தின் அடிவாரத்தைத் தட்டினான். “இங்கேர்ந்து.”

“நுனியிலேர்ந்துன்னு சொன்னேன்ல!”

“எனக்குத் தாவல் ஆரம்பிக்கிறது இங்கதான்க்கா. சக்கரம் இதுல ஏறிட்டா அப்புறம் பிரேக் கிடையாது.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. இரண்டாம் கம்பத்தை அவளே நுனியிலிருந்து அளந்திருந்தாள்; தப்பு முதல் கம்பத்தில் மட்டும்தான். கம்பம் நிற்பது ஆறில் அல்ல, மூன்றில். எண்ணை மாற்றிப் போட்டாள். a, −0.08. b, பிசகாமல் 0.8. இறங்கும் இடம் பத்து மீட்டர்.

மேடையின் விளிம்பு இருந்தது பத்தேகாலில்.

மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். கேலியெல்லாம் போன இடம் தெரியவில்லை. “எவ்வளவும்மா இழுக்கணும்?”

“முக்கால் மீட்டர். இந்தப் பக்கம்.”

“ஏய், மேடையை இழுங்கப்பா! எல்லாரும் வாங்க!”

தம்பி பறந்தபோது அவள் பார்க்கவில்லை. சக்கரம் மேடையில் அறைந்த சத்தமும், பிறகு பிரேக்கின் கிறீச்சிடலும் கேட்ட பிறகே கண்ணைத் திறந்தாள். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்க, அவள் டேப்போடு மேடையேறி டயர் தடத்தருகே மண்டியிட்டாள்.

“இந்த முனையைக் கொண்டுபோய்ப் பிடி. நுனியில! அடியில இல்ல.”

அவன் பிடித்தான். பத்து மீட்டர், அதற்கு மேல் நாலு விரற்கடை.

“போதுமாக்கா? ஹெல்மெட்டைக் கழட்டலாமா?”

“பேசாம பிடி,” என்றாள். இன்னொரு முறை அளக்க ஆரம்பித்தாள்.